வசந்தகாலச் சுத்திகரிப்பு: பழக்கமா, மூலிகையா, மாத்திரையா?

குளிர்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதும் 'உடலைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்' என்ற அழைப்பு நான்கு பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். அப்படிச் சொல்பவர்கள் மூன்று வழிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று, உணவு, உறக்கம், நடை என்று அன்றாடப் பழக்கங்களைத் திருத்திக்கொள்வது. இரண்டு, தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் மூலிகைகளைக் கஷாயமாகவோ தேநீராகவோ குடிப்பது. மூன்று, புட்டியில் அடைத்து விற்கும் துணைச்சத்து மாத்திரைகளை விழுங்குவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலிலிருந்து எதையோ வெளியேற்றுவதாகச் சொல்லும் வழிகள் பெரும்பாலும் ஏமாற்றம் தருகின்றன. உடலுக்குக் கிடைக்காமல் போனதைத் திருப்பிக் கொடுக்கும் வழிகளே வேலை செய்கின்றன. மூன்றையும் நான் அளப்பது இந்த ஒரே கோலால்தான்.

வசந்தத்தில் உடலைத் துப்புரவாக்கும் வழக்கம் எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். வட ஐரோப்பாவின் நீண்ட குளிர்காலத்தில் ஏழைகளின் சாப்பாடு உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த தானியமும்தான். பச்சை இலை மாதக்கணக்கில் கண்ணில் படாது. பனி விலகும் நேரத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசியும், காயம் ஆறாது, கைகால் ஓய்ந்துபோகும். இரத்தம் கெட்டுவிட்டதாக மக்கள் நினைத்தார்கள். அப்போது மண்ணைப் பிளந்துகொண்டு முதலில் முளைக்கும் நெட்டில், டான்டேலியன் போன்ற கீரைகளைப் பறித்துச் சமைத்துச் சாப்பிட்டதும் சோர்வு தெளிந்தது. இரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை, சொன்ன காரணம்தான் தவறு. கீரை எந்த நஞ்சையும் வெளியே தள்ளவில்லை. இல்லாமல் போயிருந்த வைட்டமின் சியை உள்ளே கொண்டுவந்தது. 'ஸ்கர்விகிராஸ்' என்று, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் பெயரையே தாங்கிய கீரைகூட அங்கே உண்டு.

1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஓர் இணைக்குக் கடல்நீர், அதுவும் இலேசாகப் பேதியாகும் அளவு பார்த்து. இன்னோர் இணைக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் ஆறே நாளில் தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். கடல்நீர் குடித்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. வயிற்றைக் கழுவுவதும் வயிற்றுக்குக் கொடுப்பதும் ஒரே கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காட்சி அது. இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கப்பலுக்குத்தான் போகிறது.

அப்படியானால் நச்சை அகற்றும் வேலையைச் செய்வது யார்? ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் அதற்குள் பாய்கிறது. முதல் கட்டத்தில் நொதிகள் வேண்டாத பொருளின் வடிவத்தை மாற்றுகின்றன. இரண்டாம் கட்டத்தில் அதனோடு ஒரு மூலக்கூறு ஒட்டப்பட்டு, அது நீரில் கரையும் பொருளாகிறது. பிறகு பித்தத்தின் வழியாகக் குடலுக்கோ, இரத்தத்தின் வழியாகச் சிறுநீரகத்துக்கோ போய்ச் சேர்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது, மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. மார்கழியிலும் சித்திரையிலும் இந்த வேலை ஒரே மாதிரி நடக்கிறது. பருவம் மாறும்வரை அழுக்கு சேர்ந்து கிடப்பதில்லை. ஈயம், பாதரசம் போலச் சில பொருள்கள் உண்மையிலேயே உடலில் தங்கக்கூடியவைதாம். ஆனால் அவற்றை எந்தத் தேநீரும் அகற்றாது, அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் சிகிச்சையும் வேண்டும்.

இனி மூலிகைகள். இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கூட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 'இயற்கையானது' என்று முடிச்சுப் போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் கூட்டம், உணவாகவே உண்ணக்கூடியவை. நெட்டில் செடியின் தளிரைத் தொட்டால் சுரீரென்று கொட்டும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் அந்த முட்கள் அடங்கி, சாதாரணக் கீரையாகிவிடும். டான்டேலியன் இலை கசப்பானது, பொட்டாசியம் நிறைந்தது. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு 'படுக்கையை நனைப்பது' என்று பொருள், சிறுநீரைப் பெருக்கும் என்று அங்கே காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2009-இல் 17 பேரை வைத்து ஒரு நாள் மட்டும் நடந்த சிறிய ஆய்விலும் சிறுநீர் கழிக்கும் தடவைகள் கூடியது தெரிந்தது. ஆனால் சிறுநீர் அதிகமாகப் போவதாலேயே நச்சு அதிகமாகப் போய்விடாது, போவது தண்ணீர். இந்தக் கூட்டத்துக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன், கீரை என்ற அளவில். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று கீரையை அள்ளிச் சாப்பிடக் கூடாது. அவற்றில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குலைத்துவிடும்.

இரண்டாம் கூட்டம், பேதி மூலிகைகள். இவற்றில் முதன்மையானது நிலாவாரை, சந்தையில் சென்னா என்ற பெயரில் கிடைப்பது. 'சுத்திகரிப்புத் தேநீர்', 'வயிறு தட்டையாகும் தேநீர்' என்று விற்கப்படும் பலவற்றில் வேலை செய்வது இதுதான். இரவில் குடித்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் பிசைந்துகொண்டு போகும். காலையில் எடை பார்த்தால் குறைந்திருக்கும். குறைந்தது தண்ணீரும் மலமும்தான். நிலாவாரை வேலை செய்யும் இடம் பெருங்குடல். உணவின் கலோரிகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மலச்சிக்கலுக்குச் சில நாள் மருந்தாக நிலாவாரை நம்பத்தக்கது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்தால்தான் பொட்டாசியம் இறங்குவது, குடல் அதையே எதிர்பார்த்துச் சோம்பிப்போவது போன்ற தொல்லைகள் தலைதூக்கும். இதைச் சுத்திகரிப்பு என்று சொல்லி மாதக்கணக்கில் குடிக்க வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் கூட்டம், கல்லீரலுக்கென்று பெயர்பெற்றவை. இதில் மில்க் திசில் என்ற முட்செடிக்குத்தான் முதலிடம். அதன் விதையில் இருக்கும் சிலிமாரின் என்ற பொருள் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. கொடிய நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு, அதிலிருந்து பிரித்தெடுத்த சிலிபினினை ஐரோப்பிய மருத்துவமனைகள் ஊசிவழியே செலுத்துகின்றன. இந்தச் செய்திதான் விளம்பரங்களுக்கு மூலதனம். ஆனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி கண்ட 154 பேரில் சிலருக்கு அதிக அளவு சிலிமாரினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட சிலிமாரின் எடுத்தவர்களுக்கு, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி அளவு குறிப்பிடத்தக்க வகையில் இறங்கவில்லை. நச்சுக் காளான் தின்றவருக்கு ஊசியில் உதவுவது, நலமாக இருப்பவருக்கு மாத்திரையில் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கல்லீரலின் நச்சகற்றும் நொதிகளைத் தெளிவாகவே முடுக்கிவிடும் மூலிகை ஒன்று உண்டு: செயின்ட் ஜான்ஸ் வோர்ட். முடுக்கிவிட்டால் என்ன ஆகிறது? கருத்தடை மாத்திரை, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து எல்லாவற்றையும் கல்லீரல் சீக்கிரமே சிதைத்து வெளியே அனுப்பிவிடுகிறது. கல்லீரலை வேகப்படுத்துவது நல்லதே என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளுக்கு வருவோம். மூலிகைக்கும் அதே மூலிகையின் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு அடர்த்தி. பச்சைத் தேயிலையே நல்ல உதாரணம். தேநீராகக் குடிப்பவர்களுக்கு அதன் முக்கியப் பொருளான ஈஜிசிஜி சராசரியாக நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் வரை சேர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் கணக்கிட்டது. அதுவே மாத்திரையாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்வதையும் அதே ஆணையம் சுட்டிக்காட்டியது. மஞ்சளும் அப்படித்தான். சமையலில் தூவும் மஞ்சளைப் பற்றி அஞ்ச ஒன்றுமில்லை. அதன் குர்குமினைப் பிரித்தெடுத்து, உறிஞ்சப்படும் அளவு பலமடங்கு பெருகட்டும் என்று மிளகின் பைப்பரினைச் சேர்த்து அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி கண்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவக் குழுவின் பதிவுகளில், மூலிகை மற்றும் துணைச்சத்துப் பொருள்களால் வந்தவை பத்தாண்டுகளுக்குள் 7 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக ஏறின. கல்லீரலைக் காப்பதாகச் சொல்லி வாங்கியதே கல்லீரலுக்குப் பாரமாகும் நிலை இது.

'கல்லீரல் சுத்திகரிப்பு' என்று போட்ட ஒரு புட்டியின் சீட்டை உருப்பெருக்கி வைத்துப் படித்தேன். பதின்மூன்று மூலிகைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எது எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை, 'தனியுரிமைக் கலவை' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். ஒவ்வாமை வந்தால் எதைக் குற்றம் சொல்வது? மருத்துவர் கேட்டால் எந்த அளவைச் சொல்வது? அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணைச்சத்துகள் விற்பனைக்கு வருமுன் மருந்தைப் போல அரசிடம் ஒப்புதல் பெறத் தேவையில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை எல்லாமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. என் கோல் இங்கேயும் பொருந்துகிறது: இல்லாததைக் கொடுக்கும் மாத்திரை நல்ல மாத்திரை. வெயில் குறைந்த நாடுகளில் குளிர்காலக் கடைசியில் வைட்டமின் டி மிகவும் தாழ்ந்துபோகிறது. பிரிட்டனில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளும்படி அரசே பரிந்துரைக்கிறது. விலங்குணவை முற்றிலும் தவிர்ப்பவர்களுக்கு பி12 கட்டாயம். இரும்புச்சத்து பரிசோதித்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டுமே, கூடினால் அதுவும் கல்லீரலில்தான் படியும்.

இசப்கோல் உமியை மூலிகை என்பதா, துணைச்சத்து என்பதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் அதற்கு இடம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் மெல்லிய செதில்கள் ஊதி, தண்ணீர் முழுவதும் கூழாகிக் கரண்டி நிற்கும். குடலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. மலத்தை இளக்குவதோடு பித்த அமிலத்தையும் பற்றிக்கொண்டு வெளியேறுவதால் கொலஸ்ட்ராலும் ஓரளவு இறங்குகிறது. நிலாவாரையின் பக்கத்தில் இதை வைத்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் தயங்காமல் இதையே எடுப்பேன். நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

பழக்கங்களைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகம் இல்லை, பலன் மட்டும் அதிகம். காய்கனி நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து 25 கிராமுக்குக் குறையாமல், உப்பு 5 கிராமுக்குள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை என்பவை உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் அளவுகள். கொழுப்பேறிய கல்லீரல் உள்ளவர் உடல் எடையில் 5 விழுக்காடு குறைத்தாலே கல்லீரலின் கொழுப்பு கரையத் தொடங்குகிறது, 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அழற்சியும் தணிகிறது. எந்தச் சுத்திகரிப்புப் புட்டியிடமும் இதற்கு இணையான சான்று இல்லை. மதுவை நிறுத்துவது கல்லீரலுக்கு நேரடி ஓய்வு. குறை ஒன்றுதான், பலன் தெரிய வாரங்கள் ஆகும். நிலாவாரையோ ஒரே இரவில் ஏதோ நடந்ததாகக் காட்டிவிடுகிறது, மக்கள் அதை நாடுவதில் வியப்பில்லை.

பழக்கம் என்ற போர்வையில் வரும் பழச்சாறு விரதத்தை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். பிழிந்து வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது. முதல் சில நாளில் இறங்கும் எடையில் பெரும்பங்கு, உடலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருந்த சர்க்கரையும் அதனோடு ஒட்டியிருந்த தண்ணீரும். பழையபடி சாப்பிட்டால் அதுவும் திரும்பிவிடும். ஆக்சலேட் மிகுந்த கீரைச் சாற்றை நாள்தோறும் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உண்டு.

ஆகவே, மலச்சிக்கல்தான் உங்கள் தொல்லை என்றால் நார் மிகுந்த உணவும் இசப்கோலும், அவசரத்துக்குச் சில நாள் நிலாவாரை. குளிர்காலச் சோர்வு என்றால் முதலில் உறக்கமும் வெயிலில் நடையும், அதற்கும் தெளியாவிட்டால் இரத்தப் பரிசோதனை, குறை தெரிந்தால் அந்த ஒரு சத்துக்கு மட்டும் மாத்திரை. கல்லீரலில் கொழுப்பு என்றால் எடையைக் குறைப்பதுதான் மருந்து. கசப்புக் கீரையும் மூலிகைத் தேநீரும் பிடித்திருந்தால் ருசிக்காகக் குடியுங்கள், தடையில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள், தினமும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மூலிகை மாத்திரை பக்கம் போக வேண்டாம். ஏற்கெனவே ஏதேனும் ஒரு புட்டியைத் தொடங்கியிருந்து, சிறுநீர் கருத்துப்போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் உடல் அரித்தாலோ அன்றைக்கே அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிற நோயாளிகளுக்குத்தான் காரணம் கண்டுபிடிக்க நாளாகிறது.