பனியன் கம்பெனிக் கணக்கை இணையத்தில் ஏற்றி ஆறு ஆண்டுகள்

திருப்பூரில் உள்நாட்டு விற்பனைக்கு டி-சர்ட் தைக்கும் சிறிய பனியன் கம்பெனி எங்களுடையது. அலுவலகக் கணினியில் இருந்த கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு, ஆண்டுச் சந்தா கட்டி இணையத்திலேயே பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2019 ஏப்ரலில் மாறினோம். இன்று வரை அதே சேவையில்தான் இருக்கிறோம். குறைகளையும் சேர்த்து எழுதுவதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

மாறியதற்குக் காரணம் ஒரு ஹார்டு டிஸ்க். அது பழுதானபோது, பேக்கப் எடுத்து வைத்திருந்த பென் டிரைவில் மூன்று மாதத்துக்கு முந்தைய கணக்குதான் இருந்தது. சரக்கோடு அனுப்பும் சீட்டான டெலிவரி சலான் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நானும் கணக்கரும் பல இரவுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். சலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டிய அந்த இரவுகளில்தான், எங்கள் தொழிலின் கணக்கில் பெரும்பகுதி அலுவலகத்துக்கு வெளியே நடக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகிச் சாயமேற்ற டையிங்குக்குப் போகிறது. துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்த பிறகே கட்டிங் மேசைக்கு வருகிறது. ஒவ்வொரு படியும் வேறொருவருடைய இடத்தில் நடக்கிறது, ஒவ்வொரு படியிலும் எடை மாறுகிறது. மாலையில் வந்து சேரும் சலானைக் கணக்கர் மறுநாள் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள், துணி ரோல் எங்கே குறைந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

மாறிய சில மாதங்களில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டையிங்கிலிருந்து வந்த டெம்போ குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. இறக்கிய ரோல்களை எண்ணிக் கைப்பேசியில் பதிந்த சூப்பர்வைசர், நாங்கள் அனுப்பிய சலானை அதே திரையில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்: "ஏனுங்கண்ணா, இருபத்தி நாலு ரோலு அனுப்பியிருக்கறமுங்க, இருபத்தி ரெண்டுதானுங்க எறங்கியிருக்குது." வண்டி கிளம்புவதற்கு முன்பே டையிங்கில் கேட்டோம். இரண்டு ரோல் வேறொரு பார்ட்டியின் லாட்டோடு, அதாவது ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியோடு, சேர்ந்து கிடந்தது. பழைய முறையில் அதை மாதக் கடைசியில் கண்டுபிடித்து, யார் மீது பற்று எழுதுவது என்று மனக்கசப்போடு பேசிக்கொண்டிருப்போம். இந்த ஒரு பயனுக்காகவே சந்தாப் பணம் தகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மென்பொருளை இணையச் சேவையாகக் கொடுக்கும் முறை புதிதல்ல; அமெரிக்க மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இலேயே அப்படித்தான் தொடங்கியது. எங்கள் வீதிக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது, என் பார்வையில், 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டிதான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர வெளியே, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதால், எது யாரிடம் இருக்கிறது என்பதை எப்போதும் காட்ட முடிய வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல், விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு பில்லை அரசு இணையதளத்தில் பதிந்து எண் வாங்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. நாங்களும் அதில் வந்தோம். 2025 செப்டம்பர் 22 அன்று, 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு மாற்றம் வந்தால், மென்பொருள்காரர் நேரில் வந்து அப்டேட் போட்டுக் கொடுக்கும் வரை கையால் பில் எழுதுவோம். இணையச் சேவையில் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், அவரவர் கணக்கு மட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கிறது. அதனால் நிறுவனம் தன் சர்வரில் ஒருமுறை மாற்றினாலே எல்லோருக்கும் மாறிவிடுகிறது. இரண்டு முறையும் காலையில் கணினியைத் திறந்தபோது வேலை முடிந்திருந்தது.

இணையம் அறுந்து போகும் நேரங்களுக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதுமானதாக இருந்தது. என் மனத்தாங்கல் வேறு. பயனர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்பதால், தொடக்கத்தில் மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டோம். ஒரு பில்லைத் திருத்தியது யார் என்று தெரியாமல் தவித்த பிறகு, ஆளுக்கொரு கணக்கு வாங்கினோம். ஒருமுறை சந்தாவைப் புதுப்பிக்க இரண்டு நாள் தாமதமானது. மாதக் கடைசியில், சரக்கு கட்டி வைத்திருக்கும் நேரத்தில் பில் போட முடியவில்லை. பழைய கணக்கைப் பார்க்க மட்டுமே முடிந்தது. கணக்கு என்னுடையது, கதவுச் சாவி மட்டும் வேறொருவர் கையில் என்பதை அன்று நன்றாக உணர்ந்தேன். தரவைப் பதிவிறக்கிப் பார்த்தால், பில்கள் எக்செல் கோப்பாக ஒழுங்காக வந்தன. ஆனால் எந்தச் சலான் எந்த லாட்டைச் சேர்ந்தது என்ற தொடர்பு அதில் இல்லை. ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்து வைக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. சேவையை விட்டு விலகினாலும் அந்தப் பொறுப்பு என்னை விட்டு விலகாது. இதைப் பற்றிச் சேவை நிறுவனத்துக்குப் பலமுறை எழுதினேன். லாட் எண்ணோடு சேர்த்துப் பதிவிறக்கும் வசதியை அண்மையில்தான் கொடுத்தார்கள்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்துச் சலான்களை ஏற்றி, அவற்றை முழுமையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் கணக்கர் இப்போது மாதக் கடைசி நாளில் எல்லாவற்றையும் இறக்கி இரண்டு டிஸ்க்கில் வைக்கிறார். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று அவிநாசியில் என் வீட்டில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். இந்த முறையும் ஓராண்டுக்கு மட்டுமே கட்டியிருக்கிறேன்.