தண்ணீர்த் தொட்டியா, காந்தமா?

சேலத்தில் எங்கள் பகுதி நூலகத்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அறிவியல் விளையாட்டு நடத்த எது நல்லது என்று கேட்டால், நான் தண்ணீர்த் தொட்டி பக்கம்தான். ஏற்காட்டு ஆரஞ்சைத் தோலோடு போட்டால் மிதக்கும். அதையே உரித்துப் போட்டால் முழுகிவிடும், ஏனென்றால் தோலில் காற்று நிறைந்த குட்டிக் குட்டி இடைவெளிகள் இருக்கின்றன. போன முறை ஒரு வாண்டு, உரித்த தோலை எடுத்துப் பழத்தின் மேல் மறுபடி பொத்திப் பிடித்து, மெல்லக் கையை விட்டுப் பார்த்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே செய்த சோதனை அது!

காந்தமும் லேசுப்பட்டதல்ல. கஞ்சமலைப் பாறையில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது உண்டு, அதனால் மலையடிவார ஓடை மணலில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் துகள்கள் முடி மாதிரி சிலிர்த்து நிற்கும். காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டால் துகளை உதறுவது சுலபம். ஆனால் குட்டிக் காந்தம் வேண்டவே வேண்டாம்: இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

தண்ணீரில் ஈரம்தான் தொல்லை. சரி, புத்தக அலமாரியை விட்டுத் தள்ளி, வராண்டாவில் வையுங்கள். கால் வாளித் தண்ணீர் போதும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.