ஹை கியூப் என்ற பெயரில் சாதாரண கன்டெய்னர்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

பயன்படுத்திய சரக்குக் கன்டெய்னர் வாங்க முன்பணம் கட்டவிருப்பவர்கள், பணம் கைமாறுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நாற்பது அடி ஹை கியூப் (சாதாரணத்தைவிட ஓர் அடி உயரமான கன்டெய்னர்) என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு, அதற்குரிய கூடுதல் விலையையும் வாங்கிக்கொண்ட ஒரு விற்பனையாளர், சாதாரண உயரமுள்ள கன்டெய்னரின் கதவில் ஹை கியூப்புக்குரிய எழுத்துகளைப் புதிதாகப் பூசி எங்களுக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே வேலையைச் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை என்பதால், ஆளைக் காட்டிலும் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

நாங்கள் ஏற்றுமதி செய்யவிருந்த இயந்திரம் மரப்பெட்டியில் அடைக்கப்பட்டிருந்தது. அடிக்கட்டைகளையும் சேர்த்து அதன் உயரம் 2.45 மீட்டர். நாற்பது அடி கன்டெய்னர்களில் பரவலாகப் புழங்கும் உயரங்கள் இரண்டு. சாதாரண வகையின் வெளி உயரம் 2.591 மீட்டர், அதாவது 8 அடி 6 அங்குலம். ஹை கியூப்பின் வெளி உயரம் 2.896 மீட்டர், அதாவது 9 அடி 6 அங்குலம். நீளமும் அகலமும் இரண்டிலும் ஒன்றே: 12.192 மீட்டர், 2.438 மீட்டர். ஆகவே தூரத்தில் நின்று பார்க்கும்போது, பக்கத்தில் ஒப்பிட இன்னொரு பெட்டி இல்லாவிட்டால், எது எந்த வகை என்று பழகிய கண்ணுக்குக்கூடச் சட்டென்று பிடிபடாது.

சரக்கு ஏற்றுபவருக்கு வெளி உயரத்தைவிடக் கதவுத் திறப்பின் உயரமே முக்கியம். விலைப்பட்டியல்களில் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சாதாரண கன்டெய்னரின் உட்புற உயரம் ஏறக்குறைய 2.39 மீட்டர், ஆனால் கதவுக்கு மேலே குறுக்குச் சட்டம் கீழிறங்கி நிற்பதால் திறப்பின் உயரம் ஏறக்குறைய 2.28 மீட்டர்தான். பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 668ஆம் தரம் இதற்கு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 2.261 மீட்டர், ஹை கியூப்புக்கு அதே அளவு 2.566 மீட்டர். எங்கள் மரப்பெட்டி ஹை கியூப்பின் கதவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டு நுழையும். சாதாரண கன்டெய்னரில் எப்படிச் சாய்த்தாலும் நுழையாது. இந்தக் கணக்கு முழுவதையும் கொள்முதல் ஆணையில் எழுதியிருந்தோம். விற்பனையாளர் அனுப்பிய படங்களில் இருந்ததும் உண்மையான ஹை கியூப்தான்.

வந்து சேர்ந்தது வேறு கன்டெய்னர். ட்ரெய்லர் உள்ளே வந்ததும் கதவைப் பார்த்தோம். ஹை கியூப்பைக் குறிக்கும் 45ஜி1 என்ற குறியீடு தெளிவாக எழுதியிருந்தது. மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமான எச்சரிக்கைப் பட்டைகள் இருந்தன. 9 அடி 6 அங்குலம் என்ற உயரக் குறியும் இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகவே முதலில் தோன்றியது. ஆனால் கதவின் மற்ற இடங்களில் வண்ணம் வெளிறிச் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருக்க, எழுத்துகள் இருந்த சதுரம் மட்டும் பளபளத்தது. பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துப் பார்த்தபோது, 45 என்ற எண்ணுக்கு அடியில் 42 என்ற பழைய எண்ணின் மேடு வண்ணத்துக்குள்ளிருந்து அப்படியே தெரிந்தது. உடனே, கீழ் மூலை வார்ப்பின் (மூலையில் இருக்கும் கனமான உருக்குக் கட்டியின்) அடிப்பகுதியிலிருந்து மேல் மூலை வார்ப்பின் உச்சி வரை கதவு முனைத் தூணை ஒட்டி உருக்கு நாடாவைப் பிடித்து அளந்தோம். 2.59 மீட்டர். தரத்தின்படி இந்த உயரத்தில் அனுமதிக்கப்படும் விலகல் கீழ்நோக்கி 5 மில்லிமீட்டர் மட்டுமே, மேல்நோக்கி எதுவுமில்லை. ஓர் அடி குறைவுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல இடமில்லை.

அந்த நான்கு எழுத்துக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. முதல் இலக்கம் நீளத்தைச் சொல்கிறது: 2 என்றால் இருபது அடி, 4 என்றால் நாற்பது அடி. இரண்டாவது இலக்கம் உயரத்தைச் சொல்கிறது: 2 என்றால் 8 அடி 6 அங்குலம், 5 என்றால் 9 அடி 6 அங்குலம். ஜி1 என்பது மேற்பகுதியில் காற்றுத் துளைகள் கொண்ட பொதுச் சரக்கு வகை; குளிரூட்டும் கன்டெய்னராக இருந்தால் அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து வரும். 42ஐ 45 ஆக்குவதற்கு ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும் என்பதால், மோசடி செய்பவர்களுக்கு இது வசதியாகிவிடுகிறது.

கன்டெய்னருக்குரிய தனி எண்ணை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி ஒவ்வொரு கன்டெய்னருக்கும் உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கட்டத்துக்குள் எழுதப்படும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் ஆகியவை இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆங்கில எழுத்துகளுக்கு, ஏ என்பதற்கு 10 எனத் தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றைத் தவிர்த்து மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தின் மதிப்பையும் முறையே 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து வரும் மீதியே சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். எடுத்துக்காட்டாக, சி.எஸ்.கியூ.யு. 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185. 11ஆல் வகுத்தால் மீதி 3. எனவே கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த கன்டெய்னரின் கதவில் இருந்த எண்ணை இப்படிக் கணக்கிட்டபோது கட்டத்துக்குள் இருந்த இலக்கம் பொருந்தவே இல்லை. ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்த்ததில், அங்கே முற்றிலும் வேறான எண் இருந்தது. கதவையும் பக்கச் சுவர்களையும் மாற்றி எழுதியவர்கள் கூரையை மறந்துவிட்டிருந்தார்கள்.

அடுத்து, கதவில் அறையப்பட்டிருக்கும் பாதுகாப்பு ஒப்புதல் தகடு. 1972ஆம் ஆண்டின் பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி வருவதால் இதைச் சி.எஸ்.சி. தகடு என்கிறார்கள். தயாரித்த தேதி, அடையாள எண், அதிகபட்ச மொத்த எடை, அடுக்கும்போது தாங்கும் சுமை, பக்கவாட்டு விசைச் சோதனையின் அளவு ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இதிலுள்ள அடையாள எண் பெரும்பாலும் தயாரிப்பாளர் கொடுத்ததாக இருப்பதால், கதவு எண்ணோடு அது பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு செய்துவிடக் கூடாது. எடை அப்படியல்ல. கன்டெய்னரில் எங்கே எழுதப்பட்டாலும் அதிகபட்ச மொத்த எடை தகட்டில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. எங்களுக்கு வந்ததில் தகடு 30,480 கிலோ என்றும், கதவு 32,500 கிலோ என்றும் சொன்னது. வேறொரு ஹை கியூப்பின் எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஈராயிரம் கிலோவைக் கூடுதலாக ஏற்றலாம் என்று ஒரு கதவு பொய் சொன்னால், கிரேன் இயக்குபவரும் கப்பல் தளத்தில் நிற்பவரும் அந்தப் பொய்க்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். பண இழப்பைவிட இதுதான் என்னைக் கொதிக்கச் செய்தது.

தகட்டில் ஆய்வுத் தேதியும் பார்க்க வேண்டும். தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் முதல் ஆய்வும், அதன்பின் முப்பது மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வும் நடந்திருக்க வேண்டும். அல்லது தொடர் ஆய்வுத் திட்டத்தில் உள்ளதைக் காட்டும் குறி இருக்க வேண்டும். எங்களுடையதில் குறியும் இல்லை, தேதியும் எப்போதோ கடந்திருந்தது.

விற்பனையாளரை அழைத்துக் கேட்டபோது, "ஓர் அடிதானே சார், மரப்பெட்டியின் அடிக்கட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே போய்விடும்" என்றார். அடிக்கட்டையைக் கழற்றினால் ஃபோர்க்லிஃப்டின் முட்களை எங்கே நுழைப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, எண்ணும் உரிமையாளர் எழுத்துகளும் கன்டெய்னரோடு சேர்ந்தே வாங்குபவருக்கு வந்துவிடும் என்று சாதித்தார். இதுவும் பொய். அந்த எழுத்துகள் பாரிஸில் உள்ள பன்னாட்டுக் கன்டெய்னர் அமைப்பில் ஓர் உரிமையாளரின் பெயரில் பதிவு செய்யப்பட்டவை. விற்பனையின்போது அழிக்கப்பட வேண்டியவை. சொந்தக் கன்டெய்னரில் சரக்கு அனுப்ப விரும்புபவர் தமக்கென்று குறியீடு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் ஒரு சுயேச்சையான ஆய்வாளரை வரவழைத்தோம். உள்ளே நின்று கதவுகளை முழுவதுமாக மூடச் சொன்னார். இருட்டில் கூரையின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் வெளிச்சம் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு செவ்வகத் தகட்டை ஒட்டுப்போட்டுப் பற்றவைத்திருந்தார்கள். கூரைத் தகடு இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது; அடுக்கும்போது எடையைத் தாங்குபவை நான்கு மூலைத் தூண்கள்தான். ஆகவே ஒட்டு இருப்பதே குற்றமல்ல என்றும், நீர் கசியும் ஒட்டு இருக்கும்போது சரக்கேற்றத் தகுதியானது என்று எழுதிக் கொடுத்ததுதான் குற்றம் என்றும் அவர் விளக்கினார். காற்றும் நீரும் புகாதது என்ற தரத்தைக்கூட அந்தப் பெட்டி எட்டவில்லை. கப்பலில் ஏற்றத் தகுதியானது என்பது அதற்கும் மேலான தரம். விளம்பரங்களில் இவ்விரண்டையும் ஒன்றுபோல் எழுதுகிறார்கள். பின்னதற்குச் செல்லத்தக்க சி.எஸ்.சி. நிலையும் ஆய்வறிக்கையும் கேட்டுப் பெறுங்கள். வெறுமனே பொருள் வைக்க வாங்குபவர்களுக்கு முன்னது போதும்.

ஆய்வறிக்கையை அனுப்பியபின் விலையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ட்ரெய்லர் வாடகையையும், தவறவிட்ட கப்பலுக்கான கட்டணத்தையும் தர முடியாது என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார். அதற்கான நடவடிக்கை தொடர்கிறது.

இனி வாங்கும்போது கொள்முதல் ஆணையில் ஹை கியூப் என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். வெளி உயரம் 2.896 மீட்டர், கதவுத் திறப்பு குறைந்தது 2.566 மீட்டர் என எண்களையே எழுதுங்கள். கன்டெய்னரின் எண், தகட்டின் படம், கூரை எண்ணின் படம், கதவுத் தூணில் அளவு நாடா பிடித்த நிலையில் எடுத்த படம் ஆகியவை ஒரே பெட்டியுடையவையாக வந்தபிறகு முன்பணம் கொடுங்கள். மீதிப் பணத்தை உங்கள் இடத்தில் அளந்து பார்த்தபின் தருவதாக எழுதி ஒப்பம் வாங்குங்கள். இருபது அடி கன்டெய்னர் வாங்குபவர்கள் எடையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்: பழையவற்றின் தகட்டில் 24,000 கிலோவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், 30,480 என்று விளம்பரத்தில் படித்ததை நம்பி ஏற்றிவிடக் கூடாது.

எங்களுக்கு வந்த பெட்டியை விற்பனையாளர் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார். கதவில் அவர் பூசிய எழுத்துகள் அழிக்கப்படாமலே போனதால், அது இதே நிலையில் இன்னொருவருக்கு விற்கப்படக்கூடும். வெளிறிய கதவில் எழுத்துகள் மட்டும் புதிதாக இருந்தால், உள்ளே நுழைந்து, கதவுக்கு எதிர்ப்புற முனையில் வலது மேல் மூலையில் செவ்வக ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ட்ரெய்லரிலிருந்து இறக்க அனுமதிக்காதீர்கள்.