கையால் வரைந்ததா, ஸ்டென்சிலா?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண்பாண்டம்) ஜாடி வாங்க நினைப்பவர்கள் தடுமாறுவது இந்த இரண்டுக்கு நடுவில்தான்: வெர்மான்ட் மாநிலம் பென்னிங்டனில் நார்ட்டன் பட்டறை செய்த கைவரைவு ஜாடி, பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பரோ ஊர் ஸ்டென்சில் ஜாடி, அதாவது வெட்டிய அச்சுத்தகடு வைத்துத் தீட்டியது. இரண்டிலும் தீட்டியிருப்பது கோபால்ட் நீலம். இரண்டுமே உப்பு மெருகு. சூளை 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உப்பை உள்ளே போடுவார்கள். சோடிய ஆவி களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல் போன்ற பளபளப்பாகப் படியும்.

விலை: கைவரைவில் படம்தான் பேசும். பறவை, மான் என்றால் எகிறும். கொள்ளளவைச் சொல்லும் கேலன் எண் மட்டும் என்றால் இறங்கும். ஸ்டென்சில் பொதுவாக மலிவு.

காலம்: நார்ட்டனில் முத்திரையே சொல்லிவிடும்; 'ஜே. & ஈ. நார்ட்டன்' என்றால் 1850–1859. ஸ்டென்சிலில் பட்டறைப் பெயரும் ஊரும் நீலத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும்.

போலி: கைவரைவில் ஆபத்து அதிகம், லாபம் அங்கே என்பதால். வெற்று ஜாடியில் பின்னாளில் நீலம் தீட்டிவிடுகிறார்கள். அசல் கோபால்ட் மெருகுக்கு அடியில் கலந்து நிற்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சில் நீலம் ஒட்டினால் அது பெயின்ட். மறுபடி சுட்டு ஏற்றிய நீலம் இந்தச் சோதனையில் சிக்காது, கவனம்.

விரிசல்: இரண்டுக்கும் ஒரே சோதனை. விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ கீறல்.

அலமாரியில் ஒன்றே ஒன்று, அதுவும் முத்திரையோடு போதும் என்பவருக்கு நார்ட்டன். குறைந்த செலவில் நாலைந்து சேர்க்க நினைப்பவருக்கு கிரீன்ஸ்பரோ.