ஜெலட்டினா, கடல்பாசியா, ஆய்வகத் தூளா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்குப் பாக்டீரியா வளர்க்கணும், தட்டில் எதை ஊற்றுவது என்று கேட்டாள். மூன்றையுமே செய்து பார்த்தோம்.

முதலில் ஜெலட்டின். வெந்நீரில் சட்டென்று கரைந்து, ஃப்ரிட்ஜில் கண்ணாடி மாதிரி உறைந்தது. மேசைக்கு வந்ததும் மதியத்துக்குள் கஞ்சித் தண்ணீராக ஓடிவிட்டது. 30 டிகிரி கூடத் தாங்காத பொருள் நம் ஊர் வெயிலில் எப்படி நிற்கும்? போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே கரைத்துத் தின்றுவிடும். பாக்டீரியாக்களை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலும் இதே தொல்லைதான். 1881-ல் அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் சமையலில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வகங்களில் அதுதான்.

நம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கிடைக்கும் கடல்பாசியும் அந்த அகர்தான். உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். உருகியபின் 40-க்குப் பக்கத்தில் வந்தால்தான் உறையும். அதனால் பதறாமல் ஊற்றலாம். 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் போட்டோம். வெறும் பாசியில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. உப்பில்லாத கோழி சூப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் குக்கரில் 20 நிமிடம் வைத்தோம். ஆனால் மின்விசிறியை நிறுத்தாமல் ஊற்றிவிட்டோம். எதையும் தொடாமல் மூடிவைத்த ஒப்பீட்டுத் தட்டிலும் மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளிகள், காற்றில் வந்து விழுந்த கிருமிகள் வளர்ந்தவை. மறுபடி முதலிலிருந்து.

ஆய்வகக் கடையில் விற்கும் நியூட்ரியன்ட் அகர் தூளில் பெப்டோன் (பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும் புரதத் துணுக்குகள்), உப்பு, அகர் எல்லாம் அளவாகக் கலந்தே வரும். லிட்டருக்கு 28 கிராம், அவ்வளவுதான். விலைதான் கை கடிக்கும். ஆனால் சோப்பு போட்டுக் கழுவிய கை, கழுவாத கை என்று புள்ளிகளை எண்ணி ஒப்பிடுவதென்றால் இதையே வாங்குங்கள். சூப்பின் சத்து ஒவ்வொரு முறையும் மாறும், எண்ணிக்கையை நம்ப முடியாது. வளர்கிறதா என்று மட்டும் பார்க்கக் கடல்பாசியே தாராளம்.

எதில் வளர்த்தாலும் சரி, தட்டைத் தலைகீழாக வையுங்கள். மூடியில் கோக்கும் நீர் புள்ளிகளைக் கலைக்காது. தொட்டு வைத்ததும் டேப் ஒட்டிவிட்டால் அப்புறம் பிள்ளைகள் திறக்கவே கூடாது. எச்சில், புண் பக்கம் போகவே வேண்டாம். முடிந்ததும் பெரியவர் ஒருவர் கையுறையோடு ப்ளீச்சிங் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துக் கொட்டட்டும்.