எங்க ஏரியா ரேஷன் கடை: மெஷின் வந்தப்புறம் எப்படி இருக்கு?

கடை சுத்தமா இருக்கு, அரிசி முன்ன மாதிரி வாடை அடிக்கறதில்ல, துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25ன்னு வெளில போர்டுலயே எழுதி வச்சிருக்காங்க, சேல்ஸ்மேன் அண்ணனும் தன்மையா பேசுறவருதான். சரக்குல குறை சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. நான் எழுத வந்தது அந்த பில் போடுற மெஷின பத்தி.

நல்லத முதல்ல சொல்லிடறேன். பழைய கார்டு ஞாபகம் இருக்கா, வருஷா வருஷம் உள்தாள் ஒட்டுவோமே, அதுல நாம வாங்காத சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கினதா எழுதிடுவாங்க, கேட்டா சரியான பதில் வராது. 2017ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சு, இப்ப பில் போட்ட உடனே போனுக்கு மெசேஜ் வந்துடுது. 2020ல மெஷின்ல கைரேகை வச்சு வாங்கற முறை வந்தப்புறம் எங்க கடைல அடுத்தவங்க கார்டுல சரக்கு தூக்குற வேலையும் நடக்கறதில்ல, அதோட வேலைக்காக வேற ஊர் போனவங்க அங்க இருக்க கடைலயே வாங்கிக்கலாம். இதெல்லாம் நிஜமாவே பெரிய விஷயம், பழசுக்கே போகணும்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா ரேகை விழாதவங்க நெலம? போன மாசம் எனக்கு முன்னாடி ஒரு பாட்டி, தனியா இருக்காங்க, வயசுல சித்தாளா சிமெண்ட்லயும் சுண்ணாம்புலயும் பொழங்குன கை, கட்டவிரல் வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. வச்சாங்க விழல, முந்தானைல தொடச்சிட்டு வச்சாங்க விழல, "தலைல தேச்சிட்டு அழுத்தி வைங்க ஆத்தா"ன்னு அண்ணன் சொல்றாரு, பத்து விரலும் வச்சு பாத்தாச்சு. ஓடிபி வாங்கலாம்னா கார்டுல இருக்கறது பேரனோட பழைய நம்பர், அவன் அத எப்பவோ மாத்திட்டான். கடைசில "நாளைக்கு வந்து பாருங்க ஆத்தா"ன்னு அனுப்பிட்டாரு. அந்தப் பாட்டிய அவருக்கு நல்லா தெரியும், எந்த வீடு எத்தன பேருன்னு தெரு முழுக்க தெரியும், ஆனா அவரு தெரிஞ்சு வச்சிருக்கறதுக்கு அந்த மெஷின்ல இடமே இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்குத்தான். ரேகை விழலன்னு யாருக்கும் பொருள் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு அதிகாரிங்க தரப்புல சொல்லிட்டுதான் இருக்காங்க, ஆனா கடைக்காரருக்கு பில் இல்லாம அரிசி குடுத்தா ஸ்டாக் இடிக்கும், அவரு கைகாசுதான் போகும், அப்ப யாரு தைரியமா குடுப்பா?

தராசையும் இப்ப மெஷினோட புளூடூத்ல கோத்துட்டாங்க. எடை சரியா வருது, அது சந்தோஷம். ஆனா ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா வச்சு எடுக்கணும், நடுவுல சர்வர் நின்னா அவ்ளோதான், வெயில்ல வரிசை அப்படியே நிக்கும். கூலி வேலைக்கு போறவங்களுக்கு அரை நாள் சம்பளம் காலி.

70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கற தாயுமானவர் திட்டம் 2025ல ஆரம்பிச்சாங்க, ரொம்ப நல்ல யோசனை. ஆனா வீட்டு வாசல்லயும் அதே ரேகைதான் கேப்பாங்கன்னா தேஞ்ச விரலுக்கு என்ன வழி? கடைக்காரர் ஒருத்தரும் அக்கம்பக்கத்துல ஒருத்தரும் கையெழுத்து போட்டா அந்த மாசம் பொருள் குடுக்கலாம்னு ஒரு ஏற்பாடு செஞ்சா போதும்.

சரக்குக்கு 4 ஸ்டார், மெஷினுக்கு 2. வீட்ல வயசானவங்க இருந்தா, அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் வாங்கறதுக்கு அங்கீகாரச் சான்று படிவம் கடைலயே கேளுங்க, கார்டுல இருக்கற போன் நம்பர் இப்ப ஓடுதான்னும் இன்னைக்கே பாத்துடுங்க.