வாஷிங் மெஷின் 'யூஈ' காட்டுதா? 7,400 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துடாதீங்க

இன்னிக்குக் காலைலதான் முழு விஷயமும் தெரிஞ்சுது. ஆத்திரம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. போனது 7,400 ரூபாய். அன்பேலன்ஸ் லோடை, அதான் டிரம்ல துணி ஒரு பக்கமா ஒதுங்கி 'யூஈ' வர்றதை, எப்படிச் சமாளிக்கிறதுன்னு கடைசில விவரமாச் சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

நாங்க இருக்கிறது ஈரோடு. வீட்டுல 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின், வாரண்டி முடிஞ்சது. விசேஷத்துக்கு விரிச்ச பவானி ஜமக்காளத்தை உள்ள போட்டிருந்தோம். துவைச்சு முடிச்சு ஸ்பின்னுக்குப் போறப்ப டமடமன்னு இடிச்சுது. நின்னுது. மறுபடி தண்ணி எடுத்துது. 9 நிமிஷம்னு காட்டினது 20-க்கு மேல ஏறுச்சு. கடைசில 'யூஈ'ன்னு காட்டிட்டு அப்படியே படுத்துருச்சு.

கம்பெனி கஸ்டமர் கேர்னு நெட்ல தேடினா முதல்லயே ஒரு செல் நம்பர். கம்பெனி பேரு, லோகோ, 'ஈரோடு கிளை', எல்லாம் பக்காவா இருந்துச்சு. மத்தியானமே ஒருத்தர் வந்துட்டார். (வந்தப்ப 'தம்பி'ன்னுதான் கூப்பிட்டேன். இனிமே அவன்தான்.)

என்னா மரியாதை! செருப்பை வாசல்லயே கழட்டினான். கழுத்துல ஐடி கார்டு, கம்பெனி டீ-ஷர்ட். எங்க அத்தைகிட்ட "காலு வலி எப்படிங்கம்மா இருக்கு"ன்னு விசாரிச்சான். அத்தை அப்பவே காபி போடச் சொல்லிட்டாங்க. மெஷின் கதவைத் திறந்து, தண்ணி சொட்டச் சொட்ட அந்த ஜமக்காளத்தை ரெண்டு கையாலயும் இழுத்து வெளில போட்டது அவனேதான். இந்த இடத்தை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. மெஷின் எதனால நின்னுச்சோ அதையே கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்றான்: "ஷாக் அப்சார்பர் ரெண்டும் அவுட்டுக்கா. அந்த அதிர்ச்சில போர்டும் அடி வாங்கிருச்சு."

செல்போன் டார்ச்சை அடிச்சு உள்ள என்னமோ கறுப்பாக் காட்டினான். "கம்பெனில போட்டா 14,000 ஆகும்க்கா. நம்ம வீடு மாதிரி இருக்கு, 7,400-க்கு முடிச்சுத் தர்றேன்." பையில இருந்து எதையோ எடுத்தான், பின்பக்கம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் திருகினான். பழைய பார்ட்டைக் கேட்டா, "அதை ஆபீஸ்ல ஒப்படைக்கணும்க்கா"ன்னான். வெறும் டிரம்மை ஸ்பின் போட்டுக் காட்டினான், பூ மாதிரி ஓடுச்சு. வெறும் டிரம் எந்த மெஷின்லதான் இடிக்கும்? பணம் உடனே ஜிபேல போச்சு. 7,400.

அடுத்த தடவை டபுள் பெட்ஷீட் ஒண்ணு போட்டோம். அதே டமடம, அதே 'யூஈ'.

அதுக்கப்புறம் போன்ல நடந்த கூத்துதான் வயித்தெரிச்சல். ஒரு பொண்ணு எடுத்து, "புது போர்டு செட்டாக ஒரு வாரம் ஆகும் மேடம்". அப்புறம், "உங்க ஏரியால வோல்டேஜ் சரியில்ல, ஸ்டெபிலைசர் வாங்கிடுங்க". அப்புறம், "கம்ப்ளெயின்ட் நம்பர் சொல்லுங்க". கம்ப்ளெயின்ட் நம்பர்னு ஒண்ணு கொடுத்தாத்தானே சொல்ல? பில்லுன்னு கொடுத்த சீட்டுல விலாசமும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, 'ஒரு மாத வாரண்டி'ன்னு பேனால கிறுக்கினது மட்டும்தான். கடைசில என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரர் போன்ல கூப்பிட்டா, ஈரோடுன்னு சொன்னதுமே கட்.

வாரண்டி அட்டையைத் தேடி எடுத்து, அதுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு, நிஜக் கம்பெனி ஆளு இன்னிக்கு வந்தார். ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கலை. மெஷினோட நாலு மூலைலயும் மாத்தி மாத்திக் கை வச்சு அமுக்கினார். குறுக்கால ஆடுச்சு. சக்கரம் வச்ச ஸ்டாண்டோட ஒரு காலு தரையிலயே படலை. அப்புறம்தான் பின்னாடி திறந்தார். போர்டு ஃபேக்டரில வந்த அதே போர்டு, ஸ்டிக்கர்கூட உரியலை. ஷாக் அப்சார்பர்லயும் பழைய தூசி அப்படியே இருக்கு. ஒண்ணையும் மாத்தலைங்க! 7,400 ரூபாய்க்கு அந்த நாய் ஒரு மணி நேரம் என் வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சிருக்கான்.

அவர் சொன்னதுதான் விஷயமே. ஸ்பின் எடுக்கிறதுக்கு முன்னாடி மெஷின் டிரம்மை மெதுவாச் சுத்தி, துணி சமமாப் பரவுச்சான்னு பார்க்குமாம். ஒரு பக்கம் கனம் சேர்ந்தா மோட்டார் வேகம் ஏறி இறங்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சிரும். உடனே நிறுத்தி, தண்ணி விட்டு, உருட்டிப் பிரிச்சுப் பார்க்கும். பல தடவை பார்த்தும் முடியலைன்னாத்தான் 'யூஈ'. வேற கம்பெனில 'யூபி'ன்னும் வரும். மெஷின் தன்னைக் காப்பாத்திக்கிறதுக்கு நிக்குது, அவ்வளவுதான். கொழுந்தனார் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கணக்குப் போட்டுக் காட்டினான்: 1200 சுத்துல அரைக் கிலோ கனம் ஒரு பக்கம் ஒதுங்கினா, கிட்டத்தட்ட 190 கிலோ இழுக்கிற இழுப்பு இழுக்குமாம். ஈர ஜமக்காளம் அரைக் கிலோவா இருக்கும்? நிக்காம என்ன செய்யும்?

அவர் ஸ்டாண்டுக் காலைத் திருகி மட்டம் பார்த்து, நட்டை இறுக்கிட்டு, அதே பெட்ஷீட்டோட நாலஞ்சு துண்டு, நைட்டி எல்லாம் சேர்த்துப் போட்டார். ஓடுச்சு. விசிட்டிங் சார்ஜ் மட்டும் வாங்கிக்கிட்டு, பில்லும் கொடுத்துட்டுப் போனார்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்பக் கையெல்லாம் நடுங்குது, சுருக்கமாவே சொல்லிடறேன். கனமான துணி ஒண்ணை மட்டும் தனியாப் போடாதீங்க, கூட நாலு துணி போடுங்க, ஆனா திணிக்காதீங்க. 'யூஈ' வந்தா ஆஃப் பண்ணி, தண்ணி வடிஞ்சதும் திறந்து, சுருண்டதைப் பிரிச்சுப் போட்டு வெறும் ஸ்பின் மட்டும் வைங்க. ரெயின்கோட்டு, தண்ணி புகாத மெத்தை உறை எதையும் ஸ்பின்ல போடவே போடாதீங்க, உள்ள தண்ணி தேங்கிக்கும். புது மெஷின் குதிச்சா பின்னாடி டிரான்ஸிட் போல்ட்டை (வண்டில வர்றப்ப டிரம் ஆடாம இருக்க மாட்டி அனுப்பறது) கழட்டினாங்களான்னு பாருங்க. நெட்ல முதல்ல வர்ற நம்பருக்குக் கூப்பிடாதீங்க, அட்டையிலயோ மெஷின் ஸ்டிக்கர்லயோ இருக்கிற நம்பர்தான். பழைய பார்ட்டு கைக்கு வராம பணம் கிடையாதுன்னு சொல்லிடுங்க. டெஸ்ட்டு போடறப்ப துணியோட போடச் சொல்லுங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் சொல்லிட்டேன், ஜிபே ரசீதும் பத்திரமா இருக்கு. அந்த நம்பர் இன்னும் நெட்ல முதல்லதான் நிக்குது.